குரக்கன் பாம்பின் சூடு

முதலில் ஒரு விடுகதை. தனக்கென்று ஒரு துளிச் சூடும் கிடையாது, இரவல் வாங்கித்தான் வாழும். அப்படி இரவல் வாங்கியதைப் பன்னிரண்டு மாடிக்குப் பங்கு வைத்தது. அது என்ன?

நிலா என்று சொல்வீர்கள். நிலா வெளிச்சத்தைத்தான் இரவல் வாங்கும், சூட்டை வாங்காது. அடுப்பு என்பீர்கள். அடுப்பு அணைந்தால் தூங்கிவிடும். நான் சொல்வது கண்ணை மூடாமல் தூங்கும், வாரத்துக்கு ஒருமுறைதான் சாப்பிடும், சாப்பாடு சற்று ஆறியிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்னும் தெரியவில்லை என்றால் யோசித்துக்கொண்டே கேளுங்கள். கதை அவசரப்படாது.

கனடாவின் ஸ்காபரோவில், ரயில் பாதைக்கும் ஒரு மீன்கடைக்கும் இடையில், பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. அதில் குடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள்; மீதிப் பேர் அவர்களோடு பழகிப் பழகி, ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’ சொல்லக் கற்றுக்கொண்டவர்கள். இரண்டாம் மாடியில், லிப்ட்டுக்குப் பக்கத்து வீட்டில், மிதுஷா என்ற பதினொரு வயதுப் பெண்ணும், பேக்கரியில் வேலை செய்யும் அவளுடைய அம்மா சுகந்தியும், கண்ணாடிப் பெட்டிக்குள் குரக்கன் என்ற பாம்பும் இருந்தார்கள்.

கேழ்வரகு என்னும் குரக்கன் மாவில் அவித்த புட்டைப் போலத் தவிட்டு நிறமும் தேங்காய்ப்பூ நிறமும் கலந்து கலந்து இருந்ததால் அதற்கு அந்தப் பெயர். மலைப்பாம்பு இனம்தான், ஆனால் அதில் சின்ன வகை. பயந்தால் கடிக்காது, பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். சுகந்தியின் தம்பி எட்மன்டனுக்கு வேலைக்குப் போனபோது அதை அக்கா வீட்டில் விட்டுப் போயிருந்தான். சுகந்தி அதை ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. ‘அந்தச் சாமான்’ என்பாள்.

“பங்குனி வரைக்கும்தான் அந்தச் சாமான் இந்த வீட்டில. பங்குனி முடிய, அவன் வாங்கின கடைக்காரனிட்டத் திருப்பிக் குடுக்கிறது. இப்பவே சொல்லிப்போட்டன்.”

மிதுஷா “ஓம் அம்மா” என்பாள். அப்படிச் சொல்லும்போதே பங்குனி இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிப் பார்ப்பாள்.

இனி எலியைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் பாதி வேலை எலியுடையது. குரக்கனுக்கு வாரத்துக்கு ஒரு வெள்ளை எலி. உயிருள்ள எலி இல்லை; கடையில் உறையவைத்து, மீனை விற்பது போலப் பையில் போட்டு விற்பார்கள். அந்தப் பை சுகந்தியின் ஃப்ரீசரில், முருங்கையிலைக்கும் துருவிய தேங்காய்க்கும் கீழே, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் நாடா ஒட்டிய மூடியோடு இருக்கும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மிதுஷா ஒரு எலியை எடுத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பாள். சனிக்கிழமை பின்னேரம், இளகத் தொடங்கிய எலியைச் சின்னப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அதற்கென்றே ஒதுக்கிய நீலக் கிண்ணத்தில் முதலில் பச்சைத் தண்ணீரில் கிடத்துவாள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில், பிறகு கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருக்கும் தண்ணீரில். மூன்று தண்ணீருக்குப் பிறகு எலியின் வயிற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பாள். நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கடினம் தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் பனி இருக்கிறது என்று அர்த்தம், மறுபடியும் தண்ணீர். எல்லாம் இளகியதும் ஈரத்தைத் துடைத்து, தலையைக் கடைசியாகக் கைக்குள் பொத்திவைத்துச் சூடாக்குவாள், ஏனென்றால் குரக்கன் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, உதட்டு ஓரத்தில் வரிசையாக இருக்கும் சின்னக் குழிகளால் சூட்டையும் பார்க்கிறது. எலியின் தலை ஆறியிருந்தால் எது முன், எது பின் என்று அதற்குத் தெரியாது. கடைசியில் நீளமான இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, பெட்டிக்குள் நீட்டி, அசையாமல் காத்திருப்பாள். பிறகு கை, கிண்ணம், மேசை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவி அம்மாவிடம் காட்டுவாள்.

கொதிநீர் கூடாது, மைக்ரோவேவ் கூடாது, ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது, அவசரம் கூடாது என்று மாமா எழுதிய தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ‘அவசரம் கூடாது’ என்பதை மாமா இரண்டு தரம் எழுதியிருந்தார். மிதுஷாவுக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் கட்டிடம் முழுவதையும் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது. அதற்குள் உடைந்த ஓர் உறுப்பு கடல் கடந்து வரவேண்டும் என்றார்கள். வெளியே உறைநிலைக்குக் கீழே இருபது பாகை. எல்லா வீட்டிலும் மின்சார ஹீட்டரைப் போட்டதும் மாடிக்கு மாடி ஃபியூஸ் போனது, ஆகவே வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்தார்கள். அந்த முறையில் குரக்கனின் சூட்டு விளக்குக்கு இடம் கிடைக்கவில்லை. மிதுஷா கண்ணாடிப் பெட்டியைக் கம்பளியால் மூடி, கீழே சுடுதண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி, அவை ஆற ஆற மாற்றினாள்.

சனிக்கிழமை வந்தது. குளிரில் இரை செரிக்காது என்று மாமாவின் தாளில் இருந்தது. அதனால் இந்தத் தரம் எலி தன்னோடு ஒரு வாரத்துக்கான சூட்டையும் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று மிதுஷா முடிவு செய்தாள். மூன்று தண்ணீர் ஒன்பது தண்ணீர் ஆனது. ஒவ்வொரு தண்ணீரையும் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். வயிற்றையும், கழுத்தையும், நான்கு கால்களையும், வால் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் எலியின் தலையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, தன் கை குளிரத் தொடங்கும்வரை வைத்திருந்தாள். குரக்கன் அதை ஒரே முறையில் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சுகந்தி ஸ்வெட்டரைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். தேநீர் போட்டாள். ஜன்னலில் இருந்த பனிப்படலம் முழுத்தகடாகக் கழன்று விழுந்த சத்தத்தைக் கேட்டபிறகுதான், தான் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்பதைக் கவனித்தாள். கண்ணாடிப் பெட்டியில் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டாள்.

“மிது, உந்தச் சாமானுக்குக் காய்ச்சல்.”

“காய்ச்சல் இல்லை அம்மா. சாப்பாடு செமிக்குது.”

அவ்வளவுதான் விளக்கம். அந்தக் கட்டிடத்தில் பிறகும் யாரும் இதைவிடப் பெரிய விளக்கத்தைக் கேட்கவில்லை. சூடு மேலே போகும் பொருள். ஆகவே மத்தியானத்துக்குள் அது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் போய், லிப்ட் குழாய் வழியாக ஏறி, இருட்டுவதற்குள் பன்னிரண்டாம் மாடியில் ஈரத்துணி காயப்போட்டிருந்தவர்களின் துணியைக் காயவைத்தது.

முதலில் வந்தவர் ஒன்பதாம் மாடி வேலாயுதபிள்ளை மாஸ்டர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். குரங்குத் தொப்பியும் இரண்டு மேலங்கியுமாக வாசலில் நின்றார்.

“பிள்ளை, உங்கட வீட்டுச் சூடு எங்கட வீட்டுக்கு வருது. நான் முறைப்பாடு சொல்ல வரேல்லை. எங்கயிருந்து வருது எண்டு பார்க்க வந்தனான்.”

மிதுஷா காட்டினாள். மாஸ்டர் பாம்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு குரங்குத் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நல்லது,” என்றார். “அறிவித்தல் ஒட்டியிருக்கினம், பார்த்தனியோ? வீடுகளில இருபத்தொரு பாகைக்குக் கீழ போனால் எல்லாரையும் பஸ்ஸில ஏத்திப் பள்ளிக்கூட மண்டபத்தில கொண்டுபோய் விடுவினமாம். நான் சண்டை நேரம் ஏழு மண்டபத்தில படுத்து எழும்பினவன். எட்டாவது வேண்டாம்.”

மறுநாள் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் மாடி நாகேஸ்வரி அன்ரி வந்தது தோசை மாவோடு. அந்த ஊர்க் குளிரில் மா புளிப்பதில்லை. ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைப்பார்கள், கம்பளியால் சுற்றி வைப்பார்கள், மூன்றாம் நாளும் அது அப்படியே கல்லாகக் கிடக்கும். நாகேஸ்வரி அன்ரி வாளியைப் பாம்புப் பெட்டியோடு ஒட்டிவைத்துவிட்டு, ஒரு கதை கதைத்து முடிப்பதற்குள் மா மூடியைத் தூக்கியது. அடுத்த நாள் பதினான்கு வாளிகள் வந்தன, ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கம் எழுதிய நாடாவோடு. அந்தக் கிழமை கட்டிடம் முழுக்கத் தோசை மணத்தது. குளிருக்குப் பயந்து வேறு இடத்துக்குப் போன ஆட்கள்கூடத் தோசை சாப்பிடத் திரும்பி வந்தார்கள்.

“என்ன அன்ரி, பாம்பு பொங்கவைச்ச மாவோ?” என்று பதினோராம் மாடிக் கஜன் கேட்டான். அவன் பஸ் ஓட்டுபவன், புதிதாகத் தகப்பன் ஆனவன்.

“உனக்கு வேண்டாமெண்டால் தட்டைத் தா.”

அவன் தட்டைத் தரவில்லை.

கஜனுடைய மனைவி தர்சிகா, பிறந்து பத்தொன்பது நாளான மகனை மத்தியானம் மூன்று மணிக்குக் கொண்டுவந்து, பாம்புப் பெட்டிக்கு முன்னால் பேசினில் குளிப்பாட்டினாள். குழந்தை பாம்பைப் பார்த்தது. பாம்பும், இமை இல்லாத கண்ணால், குழந்தையைப் பார்த்தது. வீட்டுக் கதவு இடுக்கில் ஒரு சப்பாத்து எப்போதும் கிடந்தது, கதவு மூடாமல் இருப்பதற்காக. வந்தவர்கள் பெட்டியைத் தட்டக் கூடாது, சாப்பிட்டு இரண்டு நாளைக்கு அதைத் தூக்கக் கூடாது என்று மிதுஷா சொன்னாள். ரயில்வேயில் வேலை செய்தவர்களும், கடை நடத்தியவர்களும், ஏழு மண்டபத்தில் படுத்து எழும்பியவரும் அவள் சொல்லைக் கேட்டு நடந்தார்கள்.

நகரசபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி தெர்மாமீட்டரோடு வந்தார். மாடி மாடியாக அளந்தார். இருபத்துமூன்று. கீழே இறங்கி வந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டுப் பார்த்தார், மேலங்கியைக் கழற்றினார், நாகேஸ்வரி அன்ரி நீட்டிய தோசையைச் சாப்பிட்டார். அவருடைய படிவத்தில் ‘வெப்பம் எதனால்’ என்ற கேள்விக்கு எதிரே மின்சாரம், எரிவாயு, பிற என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அவர் ‘பிற’ என்பதில் சரி போட்டு, பக்கத்தில் ‘பாம்பு’ என்று எழுதினார். அலுவலகத்தில் அந்தப் படிவத்தை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை சூடு குறையத் தொடங்கியது. குரக்கன் எலியை முழுதாகச் செரித்துவிட்டது. அன்று மிதுஷா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் நாகேஸ்வரி அன்ரி தலைக்குக் குளித்து, விபூதி பூசி, ஒரு அகன்ற சட்டியில் காய்ச்சிய பாலையும் இரண்டு முட்டையையும் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமை அதுவுமாக எலி கேட்காமல் அது பாலைக் குடிக்கட்டும் என்று அவள் நினைத்தாள். குரக்கன் பாலைக் குடிக்கவில்லை. அதற்குள் இறங்கிக் குளித்தது. பிறகு முட்டையை உருட்டிவிட்டு, பால் வழிய வழியப் பெட்டி முழுக்க ஊர்ந்தது. மிதுஷா வந்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பெட்டியின் தாள்களை எல்லாம் மாற்றினாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் நாகேஸ்வரி அன்ரிக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அன்றிலிருந்து அன்ரி பாலைத் தேநீருக்கு மட்டும் பயன்படுத்தினாள்.

மறுநாள் காலை மிதுஷா தமிழ் வகுப்புக்குப் போயிருந்தாள். பதினோராம் மாடியில் இருபது பாகை. கஜன் குழந்தையின் கைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படிகளில் இறங்கி மிதுஷா வீட்டுக்கு ஓடிவந்து, ஃப்ரிட்ஜில் இளகிக்கொண்டிருந்த எலியை எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டு மைக்ரோவேவில் இரண்டு நிமிடத்துக்கு வைத்தான். ஒரு நிமிடம் பத்தாவது செக்கனில் நடந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. தர்சிகா அந்த மைக்ரோவேவைக் குப்பைத் தொட்டிவரை அவனையே தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள்.

“இரண்டு நிமிசம் எண்டுதானே நினைச்சனான்,” என்றான் கஜன், மிதுஷாவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு.

“உங்கட பேபியை மைக்ரோவேவில சூடாக்குவீங்களோ அங்கிள்?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் இதை?”

கஜன் அன்று பின்னேரம் முழுவதும் நீலக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்து, இன்னொரு எலிக்கு மிதுஷா ஒன்பது தண்ணீர் மாற்றுவதைப் பார்த்தான். மறுகிழமை அவனே மாற்றினான். அதற்கடுத்த கிழமைக்குள் அந்தக் கட்டிடத்தில் அநேகமாக எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது: எந்தச் சூட்டில் தண்ணீர், எங்கே அழுத்தினால் புளியங்கொட்டை தட்டுப்படும், தலையை ஏன் கடைசியாக. லிப்ட்டில் ஏறினால், “கழுத்தைப் பார்த்தனீங்களோ? கழுத்துத்தான் பிந்தி இளகும்,” என்று இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போவார்கள். மாஸ்டர் சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது தெர்மாமீட்டர் இருந்தது. “அறுபது வருசமாச் சோறு சாப்பிடுறன்,” என்று அவர் ஒருநாள் சொன்னார், “ஒரு வாய்ச் சோத்துக்கு முன்னால ஒருத்தர் இவ்வளவு யோசிக்கலாம் எண்டு எனக்குத் தெரியாது.”

சுகந்தி மட்டும் எலியைத் தொடவில்லை. ஆனால் அவள் பங்குனியைப் பற்றிப் பேசுவதையும் விட்டிருந்தாள்.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை குரக்கனின் கண்கள் பால்நிறமாகின. உடம்பின் நிறம் மங்கி, சாம்பல் தூவியது போல ஆனது. அது மூலையில் சுருண்டு கிடந்தது. வீடு இருபத்துமூன்று பாகையிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது.

“கண்ணில பூ விழுந்திட்டுது,” என்றாள் நாகேஸ்வரி அன்ரி. “பசியிலதான். வேளைக்குக் குடு பிள்ளை.”

“பசி இல்லை அன்ரி. தோல் கழட்டப் போகுது. பழைய தோலுக்கும் புதுத்தோலுக்கும் நடுவில தண்ணி ஊறும், அதுதான் கண் வெள்ளையாத் தெரியுது. அதுக்கு இப்ப கண் தெரியாது. தோலைக் கழட்டும்வரைக்கும் சாப்பாடு குடுக்கக் கூடாது.”

“எத்தினை நாளைக்கு?”

“ஒரு கிழமை. பத்து நாளும் ஆகலாம்.”

சனிக்கிழமை உறைநிலைக்குக் கீழே முப்பத்தொரு பாகைக்கு இறங்கும் என்று வானொலி சொன்னது. பாய்லரின் உறுப்பு அடுத்த வியாழக்கிழமை வரும் என்று அறிவித்தல் சொன்னது. நகரசபை அதிகாரி சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு, அளந்து பார்க்க, பஸ்ஸோடு வருவார் என்று இன்னொரு அறிவித்தல் சொன்னது.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் கீழே வந்து, மிதுஷா இல்லாத நேரமாகப் பார்த்து, சுகந்தியிடம் ஒரு எலி கேட்டார். சுகந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், பிறகு ஃப்ரீசரைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தாள். மாஸ்டர் அந்த வெள்ளிக்கிழமை, வெங்காயம்கூடத் தொடாத அந்த வெள்ளிக்கிழமை, தன் கையால் ஒரு எலியை எடுத்துத் தன் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த எலி கட்டிடத்தில் பயணம் செய்தது. பன்னிரண்டாம் மாடியில் பச்சைத் தண்ணீர், பதினோராம் மாடியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதன்பிறகு ஒவ்வொரு மாடியிலும் ஒரு தண்ணீர், ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு மணிக்கட்டு. கஜன் கழுத்தைப் பார்த்தான், தர்சிகா கால்களைப் பார்த்தாள், நாகேஸ்வரி அன்ரி வால் நுனியைப் பார்த்தாள், மூன்றாம் மாடியில் தமிழே தெரியாத ஒரு முதியவர் வயிற்றை அழுத்திப் பார்த்து ‘ஓம்’ என்றார். மூன்றரை மணிக்கு மாஸ்டர், தலையை இரண்டு கைக்குள்ளும் பொத்தியபடி, இரண்டாம் மாடி வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் லிப்ட் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

வீட்டுக்குள் பத்தொன்பது பாகை. மிதுஷா எலியை வாங்கினாள். வயிற்றை அழுத்தினாள். புளியங்கொட்டை இல்லை. கழுத்து, கால், வால், எல்லாம் ஒரே சூடு. இவ்வளவு நன்றாகச் சூடாக்கிய எலியை அவள்கூட இதுவரை தொட்டதில்லை.

“நல்லாச் செய்திருக்கிறீங்கள்,” என்றாள். உண்மையாகவே சொன்னாள். “ஆனா இப்ப குடுக்கேலாது. தோல் இறுகிக்கிடக்கு. விழுங்கினதைத் திரும்ப வெளியில எடுக்கும். செத்தும் போகலாம்.”

“போகலாம் எண்டுதானே சொல்லுறாய்,” என்றார் மாஸ்டர் மெதுவாக. “போகும் எண்டில்லையே.”

“ஓம். போகலாம் எண்டுதான்.”

“குடுத்தால் சூடு வருமோ?”

மிதுஷா பெட்டியைப் பார்த்தாள். குரக்கன் தலையைத் தூக்கியிருந்தது. அதற்குக் கண் தெரியவில்லை. ஆனால் உதட்டுக் குழிகள் எலி இருக்கும் பக்கம் திரும்பியிருந்தன, நாக்கு வெளியே வந்து வந்து போனது. கொடுத்தால் எடுக்கும் என்பது வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

“வரும்,” என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மாஸ்டர் தன் கதிரையில் உட்கார்ந்தார். “மண்டபம் எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியாது பிள்ளை. நிலத்தில சோக்கால ஒரு கோடு கீறுவாங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் உன்ர குடும்பம், அந்தப் பக்கம் வேற குடும்பம். ஆறாவது மண்டபத்தில என்ர அம்மா என்ர தலைமாட்டில படுத்தவ. விடிய எழும்பேல்லை. அதுக்குப் பிறகும் ரெண்டு நாள் நான் அந்தக் கோட்டுக்குள்ளதான் இருந்தனான்.” அவர் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். “நான் உன்னைக் கட்டாயப்படுத்தேல்லை. சொல்லுறன், அவ்வளவுதான்.”

தர்சிகாவின் தோளில் குழந்தை விக்கியது. கீழே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“எலி ஆறப்போகுது பிள்ளை,” என்றாள் நாகேஸ்வரி அன்ரி, அழுவது போல.

சுகந்தி சமையலறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் நீளமான இடுக்கி இருந்தது. மறு கையில் ஒரு தலையணை உறை இருந்தது, அன்று காலை துவைத்தது. இரண்டையும் மகளுக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

“குரக்கன் உன்ரதானே,” என்றாள். “நீ சொல்லு.”

சுகந்தி அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் கவனிக்கவில்லை. மிதுஷா கவனித்தாள்.

அவள் எலியைக் கொடுக்கவில்லை. ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது என்பதால் அதைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். குரக்கனைத் தலையணை உறைக்குள் வைத்து, உறையை மேலங்கிக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கீழே போய் பஸ்ஸில் ஏறி, மாஸ்டருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.